உமி கிழியாம மால்ட் உடைக்கணும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டுல பியர் காய்ச்சுறவங்களுக்காக மால்ட் (முளைகட்டி காய வச்ச பார்லி) உடைக்கிற ரெண்டு ரோலர் மில் பத்தி எழுதியிருந்தேன், கையால சுத்துற மாடல். அதுக்கு வந்த கடிதங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே விஷயம் தான், இதுக்கு மோட்டார் மாட்டுறது எப்படின்னு. அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் அதுக்கே. ஒரே மாதிரி கேள்விகள சேர்த்து ஒண்ணாக்கியிருக்கேன்.

கேள்வி: சார், மில் செய்யுறதெல்லாம் பெரிய வேலையா தெரியுது. வீட்டுல மிக்ஸி இருக்கே, அதுலயே மால்ட் பார்லிய ரெண்டு சுத்து விட்டு எடுத்தா ஆகாதா?

பதில்: ஆகாதுங்க. மிக்ஸி பிளேடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து சுத்தி வெட்டுது, அதுக்கு உமி எது உள்ள இருக்கிற பருப்பு எதுன்னு தெரியாது, ரெண்டையும் சேர்த்து தூளாக்கிடும். நமக்கு வேண்டியது வேற. உள்ள இருக்கிற பருப்பு குருணையா உடையணும், மேல இருக்கிற உமி முடிஞ்சவரைக்கும் முழுசா இருக்கணும். ஏன்னா மாஷ் (உடைச்ச மால்ட்ட சூடான தண்ணியில ஊற வைக்கிறது) முடிஞ்சு இனிப்புத் தண்ணிய கீழ் குழாய் வழியா இறக்கும்போது வடிகட்டியா வேலை செய்யுறது அந்த உமி தான். உமி உமியா இருந்தா நடுநடுவுல சந்து இருக்கும், தண்ணி இறங்கும். எல்லாம் மாவா போயிருந்தா அடியில பசை மாதிரி இறுகி குழாய்ல சொட்டு சொட்டா தான் வரும், சில சமயம் அதுவும் நின்னுடும். அதுக்கு மேல இன்னொரு பிரச்சினை, தூளான உமியில சூடான தண்ணி பட்டா, அதுவும் கடைசியா ஊத்துற தண்ணியோட பிஹெச் 6க்கு மேல போயிட்டா, உமியில இருக்கிற துவர்ப்பு பியர்ல இறங்கிடும், அத அப்புறம் எடுக்க முடியாது.

ரெண்டு ரோலருக்கு நடுவுல அழுத்தி விட்டா பருப்பு நொறுங்குது, நார்த்தன்மை இருக்கிற உமி விரிஞ்சு குடுத்துட்டு தப்பிச்சிடுது. கீழ வர்ற பதில்கள்ல நான் சொல்லுற வேகம், கேப் (ரெண்டு ரோலருக்கும் நடுவுல இருக்கிற சந்து), புல்லி சைஸ் எல்லாமே இந்த உமிய காப்பாத்தத்தான், இத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: இப்போதைக்கு கைப்பிடிய கழட்டிட்டு டிரில் மாட்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். மெதுவா ஓட்டணும்னு சொன்னாங்கன்னு டிரிகர பாதி தான் அழுத்துறேன், ஆனா பாதியிலேயே கருகுற வாசனை வருது. டிரில்லே மட்டமா, இல்ல நான் ஓட்டுற விதம் சரியில்லையா?

பதில்: ரெண்டும் இல்ல, அந்த வேலைக்கு அது வந்த சாமான் இல்ல, அவ்வளவு தான். டிரில் மோட்டார குளிர வைக்கிற ஃபேன் அதே மோட்டார் ஷாஃப்ட்ல தான் இருக்கு. நீங்க டிரிகர பாதி அழுத்தினா மோட்டார் மெதுவா சுத்தும், ஃபேனும் மெதுவா சுத்தும், காத்து வராது, ஆனா மால்ட் குடுக்கிற பாரம் குறையாம அப்படியே இருக்கு. அதனால தான் சூடு. முழுசா அழுத்தினா டிரில் தப்பிக்கும், ஆனா ரோலர் வேகம் எகிறி உமி கிழியும். மோட்டார் செட் பண்ணுற வரைக்கும் ஓட்டித்தான் ஆகணும்னா ரெண்டு கியர் இருக்கிற டிரில்ல 1ம் கியர்ல போடுங்க, கொஞ்சம் கொஞ்சமா கொட்டுங்க, நடுநடுவுல மால்ட் இல்லாம டிரில்ல கழட்டி முழு வேகத்துல கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்க, உள்ள காத்து போய் ஆறும். பக்கவாட்டு கைப்பிடிய கண்டிப்பா மாட்டுங்க, ரோலர் திடீர்னு சிக்குச்சுன்னா டிரில் மணிக்கட்ட திருகிடும்.

கேள்வி: பழைய 1/2 ஹெச்பி மோட்டார் ஒண்ணு சும்மா கிடக்கு. பிளேட்ல 1440 ஆர்பிஎம்னு போட்டிருக்கு. இது போதுமா? எந்த சைஸ் புல்லி மாட்டணும்? கணக்கு புரியுற மாதிரி சொன்னா நல்லா இருக்கும்.

பதில்: போதும், தாராளமா போதும். ஆனா அத நேரா ரோலர்ல மாட்டிடாதீங்க. வீட்டு மில்லுக்கு ரோலர் நிமிஷத்துக்கு 150ல இருந்து 200 சுத்து வரைக்கும் போனா நல்லது. 1440ல இருந்து 180க்கு வரணும்னா 8க்கு 1 குறைக்கணும். ஒரே பெல்ட்ல இத செய்யலாம்னு சின்ன புல்லி 2 இன்ச், பெரிய புல்லி 16 இன்ச் போடுறவங்க இருக்காங்க, ஓடும் தான், ஆனா சாதாரண ஏ செக்‌ஷன் வி பெல்ட்ட 3 இன்ச்சுக்கு கம்மியான புல்லியில வளைச்சா பெல்ட் சீக்கிரம் வெடிச்சிடும், அதோட பெரிய புல்லிக்கும் சின்ன புல்லிக்கும் நடுவுல தூரம் கம்மியா இருந்தா சின்ன புல்லிய பெல்ட் சுத்திப் பிடிக்கிற பரப்பு குறைஞ்சு வழுக்க ஆரம்பிக்கும். நான் சொல்லுறது ரெண்டு ஸ்டேஜ். நடுவுல ரெண்டு பேரிங்ல ஒரு ஷாஃப்ட் நிறுத்துங்க. மோட்டார்ல 3 இன்ச், நடு ஷாஃப்ட்ல 9 இன்ச், இப்போ 480 ஆயிடுச்சு. அதே நடு ஷாஃப்ட்ல இன்னொரு 3 இன்ச், மில்லுல 8 இன்ச், கணக்கு போட்டு பாருங்க, சரியா 180. 60 சைக்கிள் கரன்ட் இருக்கிற நாட்டுல இருந்து எழுதினவங்களுக்கு, உங்க மோட்டார்ல 1725ன்னு இருக்கும், மில்லு புல்லி 8 இன்ச்சே இருக்கட்டும், நடு ஷாஃப்ட்ல 9க்கு பதிலா 10 இன்ச் போட்டா 194 வரும், அது போதும்.

வேகம் குறையும்போது டார்க், அதாவது சுத்துற பலம், அதே அளவுக்கு ஏறும், இது தான் நமக்கு கிடைக்கிற பெரிய லாபம். 1/2 ஹெச்பிங்கிறது 373 வாட், 1440 ஆர்பிஎம்ல அது சுமார் 2.5 நியூட்டன் மீட்டர் தான், ரோலர அசைக்கக் கூட தடுமாறும். 8 மடங்கு குறைச்சா 20 கிட்ட வரும், பெல்ட்ல கொஞ்சம் போனாலும் 18 நிக்கும். அதாவது 20 செ.மீ. கைப்பிடியோட நுனியில 9 கிலோ தொங்கவிட்டா எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு.

உங்க மில்லுக்கு எவ்வளவு வேணும்னு நீங்களே அளந்துடலாம், இத யாரும் செய்யுறதில்ல, எல்லாரும் மோட்டார் வாங்கிட்டு அப்புறம் தான் யோசிக்கிறாங்க. ஹாப்பர் (மேல மால்ட் கொட்டுற தொட்டி) நிறைய மால்ட் போடுங்க, கைப்பிடிய படுக்கை வாக்குல நிறுத்துங்க, நுனியில ஒரு ஸ்பிரிங் தராச கொக்கி போட்டு நேர் கீழ இழுங்க. ரோலர் கடிச்சு சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல தராசு காட்டுற கிலோவ பாருங்க. கிலோவ 9.8 ஆல பெருக்கி, கைப்பிடி நீளத்த மீட்டர்ல போட்டு பெருக்குங்க. 4 கிலோ காட்டி கைப்பிடி 20 செ.மீ.னா 7.8 நியூட்டன் மீட்டர். அதுக்கு ரெண்டு மடங்காவது மில்லு ஷாஃப்ட்ல கிடைக்கிற மாதிரி மோட்டார் பாருங்க.

இன்னொண்ணு, மோட்டார் எந்த வகைன்னு பாத்துக்கோங்க. கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் பாரத்தோட கிளம்பும். ஃபேன் மோட்டார் மாதிரி எப்பவும் கெப்பாசிட்டர் லைன்லயே இருக்கிற வகை ஓட ஆரம்பிச்சிட்டா நல்லா இழுக்கும், ஆனா கிளம்புறப்ப பலம் கம்மி. அது தான் கையில இருக்குன்னா ஹாப்பருக்கு அடியில ஒரு தகடு கதவு வைங்க, மோட்டார் முழு வேகம் எடுத்ததுக்கு அப்புறம் கதவ திறங்க. எந்த மோட்டாரா இருந்தாலும் இந்தக் கதவு இருக்கிறது நல்லது தான்.

கடைசியா, மோட்டார் தலைகீழா சுத்துதேன்னு வயரிங்க பிரிக்க வேண்டாம், மோட்டார தூக்கி பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் முகத்த திருப்பி வச்சாலே சுத்துற திசை மாறிடும்.

கேள்வி: கார் வைப்பர் மோட்டார் மெதுவா தான சுத்துது, புல்லி வேலையே இல்லையே, அத மாட்டலாமா?

பதில்: வேண்டாம். மெதுவா சுத்துறது உண்மை, ஆனா விளம்பரத்துல போட்டிருக்கிற பெரிய டார்க் நம்பர் மோட்டார் நின்னு போற நேரத்துல இருக்கிறது, அதுல கொஞ்சத்த தான் தொடர்ந்து எடுக்க முடியும். மால்ட் மில் ஒரே பாரமா இழுக்கும், மோட்டார் கொதிச்சிடும். புல்லியே வேண்டாம்னா முழுசா கியர் பாக்ஸோட வர்ற ஏசி கியர் மோட்டார் தேடுங்க, பழைய மெஷின்ல இருந்து கழட்டினது கிடைச்சாலும் நல்லது. அப்போ ஷாஃப்டையும் ஷாஃப்டையும் நேரா சேர்க்க நடுவுல ரப்பர் ஸ்டார் வச்ச ஜா கப்ளிங் போடுங்க, இரும்போட இரும்பா இறுக்கி கட்டினா துளி கோணல் இருந்தாலும் பேரிங் போயிடும்.

ஆனா என்னக் கேட்டா பெல்ட் தான் பிடிக்கும். மால்ட்ல சின்ன கல்லோ போல்ட்டோ வந்து மாட்டுச்சுன்னா பெல்ட் வழுக்கி கத்தும், நமக்கு தெரியும், ஆஃப் பண்ணிடலாம். கியர் மோட்டார் வழுக்காது, எது பலவீனமோ அத உடைச்சிட்டு தான் நிக்கும்.

கேள்வி: ரோலர லேத்ல நானே செஞ்சுக்கலாம்னு இருக்கேன். வீட்டுல 25 மி.மீ. கம்பி கிடக்கு. அந்த சைஸ் போதுமா? வழுவழுன்னு விட்டா சுத்தம் பண்ண சுலபமா இருக்குமே?

பதில்: நல்ல கேள்வி, ஏன்னா பல பேர் இங்க தான் மாட்டிக்கிறாங்க. மில் செஞ்சு முடிச்சு மால்ட் கொட்டினா ரோலர் மட்டும் சுத்துது, மால்ட் மேலயே உக்காந்து ஆடுது. காரணம் ரோலர் தானியத்த பிடிச்சு உள்ள இழுக்கிற கோணம். 3 மி.மீ. கனம் இருக்கிற ஒரு பார்லி மணி 1 மி.மீ. சந்துக்குள்ள போகணும். ரோலர் 25 மி.மீ.ன்னா மணி ரோலர்ல படுற இடத்துல கோணம் ஒரு பக்கத்துக்கு சுமார் 22 டிகிரி, 38 மி.மீ.ன்னா 18, 50 மி.மீ.ன்னா 16. கோணம் பெருசா இருந்தா ரோலர் மணிய உள்ள இழுக்குறதுக்கு பதிலா மேல தள்ளும். 22 டிகிரிக்கு உராய்வு எண் 0.40 வேணும், 16 டிகிரிக்கு 0.28 போதும். வழுவழு இரும்பும் காஞ்ச உமியும் உரசினா 0.40 எல்லாம் எதிர்பார்க்க முடியாது.

அதனால 25 மி.மீ. கம்பிய வேற வேலைக்கு எடுத்து வச்சிட்டு 38ல இருந்து 50க்குள்ள எடுங்க, மேல நர்லிங் (லேத்ல அழுத்திப் போடுற சொரசொரப்பு வரி) கண்டிப்பா போடுங்க. வைர வடிவ நர்லிங் தான் பொதுவா போடுறது, ரொம்ப ஆழம் வேண்டாம், விரல்ல தடவினா சொரசொரன்னு இருக்கணும், தோல கிழிக்கக் கூடாது. ஆழமா போட்டா ரோலர் உமிய கடிச்சு கிழிக்கும், நாம எதுக்காக இவ்வளவு பாடுபடுறோமோ அதுவே போயிடும்.

சாதாரண மைல்டு ஸ்டீல் போதும். ஸ்டெயின்லெஸ்ல நர்லிங் போடுறது லேத்காரங்களுக்கே கஷ்டமான வேலை. ரோலர் உடம்பையும் ரெண்டு பக்க ஷாஃப்டையும் ஒரே செட்டிங்ல, ரெண்டு சென்டருக்கு நடுவுல பிடிச்சு கடைஞ்சிடுங்க, கழட்டி திருப்பி மாட்டினா மையம் விலகும். ரோலர் 0.2 மி.மீ. ஆடுச்சுன்னா உங்க 1 மி.மீ. கேப் ஒவ்வொரு சுத்துக்கும் கூடி குறைஞ்சு போகும், பாதி மால்ட் மாவா வரும், பாதி முழுசா வரும், என்ன செட் பண்ணினாலும் சரி வராது. 0.05க்குள்ள கொண்டு வந்துடுங்க.

பேரிங் 15 மி.மீ. ஷாஃப்டுக்கு 6202, அதுல ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்ச 2ஆர்எஸ் கேட்டு வாங்குங்க. மால்ட் தூசி உள்ள போகக்கூடாது, கிரீஸ் வெளிய வந்து மால்ட்ல படவும் கூடாது. லேத் எண்ணெய்ய துடைச்சிட்டு முதல் தடவை ஒரு கை மால்ட் ஓட்டி அத தூக்கிப் போட்டுடுங்க, அதுல வர்ற கருப்ப பாத்தீங்கன்னாலே ஏன்னு புரியும்.

கேள்வி: ரெண்டு ரோலர்ல ஒண்ணு தான் மோட்டார்ல சுத்துது, இன்னொண்ணு சும்மா கூட சுத்தணும். முன்னாடி நல்லா ஓடுச்சு, இப்போ அந்த ரெண்டாவது ரோலர் அடிக்கடி நின்னுடுது, மால்ட் இறங்க மாட்டேங்குது.

பதில்: மோட்டார ஆஃப் பண்ணி பிளக்க பிடுங்கிட்டு நர்லிங்க பாருங்க, பள்ளத்துல எல்லாம் மாவு அடைச்சிருக்கும். கம்பி பிரஷ் வேண்டாம், கெட்டியான நைலான் பிரஷ்ஷே போதும், தண்ணி போட்டு கழுவாதீங்க, துரு பிடிக்கும். அப்புறம் ஹாப்பர காலி பண்ணிட்டு ரெண்டாவது ரோலர விரல்ல சுத்தி பாருங்க, தொட்டவுடனே சுத்தணும். இறுக்கமா இருந்தா பேரிங் பக்கத்துல உமி சிக்கியிருக்கும், இல்லன்னா கேப் அட்ஜஸ்ட் பண்ணும்போது ஒரு பக்கம் மட்டும் நெருங்கி ரோலர் கோணலா நின்னு பக்கத் தகட்டுல உரசும். எல்லாம் சரியா இருந்தும் நின்னா கேப் ரொம்ப சின்னதா வச்சிருக்கீங்கன்னு அர்த்தம், முதல்ல 1.2 மி.மீ.க்கு திறந்து ஓட்டிப் பாருங்க.

கேள்வி: கேப் எவ்வளவு வைக்கணும்? ஏடிஎம் கார்ட நடுவுல சொருகி செட் பண்ணலாம்னு கேள்விப்பட்டேன்.

பதில்: கார்டோட கனம் 0.76 மி.மீ., அது ஐஎஸ்ஓ அளவு, எல்லா நாட்டுலயும் ஒண்ணு தான், அதனால அளவுகோலா நம்பலாம். ஆனா புது மில்லுக்கு அது கொஞ்சம் இறுக்கம். ஃபீலர் கேஜ் ஒண்ணு வாங்கிடுங்க, வண்டி மெக்கானிக் வால்வு செட் பண்ண வச்சிருப்பாங்களே அதே தான். 1 மி.மீ.ல ஆரம்பிங்க, ரோலரோட இடது முனை, வலது முனை ரெண்டுலயும் தகடு ஒரே மாதிரி உரசி போகணும். கோதுமை மால்ட் சின்னது, கெட்டி, உமியும் கிடையாது, அதுக்கு தனியா 0.8, 0.9க்கு குறைச்சு ஓட்டலாம்.

நம்பர விட கண்ணு தான் முக்கியம். மோட்டார் ஓடும்போது நடுவுல விழுற மால்ட்ல ஒரு கைப்பிடி ஒரு கிண்ணத்துல பிடிச்சு வெள்ளைத் தாள்ல பரப்புங்க. உமி பெரும்பாலும் ரெண்டு மூணு துண்டா, காலி ஓடு மாதிரி திறந்து கிடக்கணும். பருப்பு ரெண்டு மூணு குருணையா இருக்கணும். மாவு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஆனா தாள தட்டினா உமிக்கு அடியில வெள்ளையா திட்டு திட்டா தேங்கக்கூடாது. முழு மணி ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா எடுத்து நகத்தால அழுத்துங்க, பாக்க முழுசா இருந்தாலும் உள்ள நொறுங்கியிருந்தா பரவால்ல. கல்லு மாதிரி இருந்தா கேப்ப 0.05 குறைச்சு திரும்ப ஓட்டுங்க. ஒரே தடவையா நிறைய குறைக்காதீங்க.

இதுல ஒரு நல்ல வழி இருக்கு, பல பேர் கண்டுக்கிறதில்ல. உடைக்கிறதுக்கு 10, 15 நிமிஷம் முன்னாடி மால்ட் எடையில 1ல இருந்து 2 சதவீதம் தண்ணிய ஸ்பிரே பண்ணி கையால கிளறி விடுங்க, 5 கிலோவுக்கு 50ல இருந்து 100 மி.லி. அவ்வளவு தான். உமி மட்டும் ஈரத்த குடிச்சு தோல் மாதிரி வளைஞ்சு குடுக்கும், உள்ள பருப்பு காஞ்சே இருக்கும். அப்படி ஓட்டினா உமி முழுசு முழுசா வெளிய வர்றத பாக்கவே சந்தோஷமா இருக்கும். தண்ணி கூடிடுச்சுன்னா மாவு ரோலர்ல ஒட்டும், அதனால 1 சதவீதத்துல ஆரம்பிங்க, முடிச்சவுடனே ரோலர காய துடைச்சிடுங்க.

கேள்வி: நான் பையில போட்டு மாஷ் பண்ணுறவன். எனக்கும் இதே கேப் தானா?

பதில்: இல்ல, உங்களுக்கு பை தான் வடிகட்டி, உமி படுக்கை வேண்டியதில்ல. 0.7, 0.8 வரைக்கும் இறுக்கலாம், சர்க்கரை கூட கிடைக்கும். தூளா மட்டும் ஆக்கிடாதீங்க, பைத் துணியும் அடைக்கும்.

கேள்வி: வீட்டுல குழந்தைங்க இருக்காங்க. மில்ல பாதுகாப்பா வைக்க என்ன செய்யணும்? சமையலறையிலேயே ஓட்டலாமா?

பதில்: இத கேட்டது ஒருத்தர் தான், ஆனா எல்லாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 180 ஆர்பிஎம் பாக்க மெதுவா தெரியும், ஆனா 18 நியூட்டன் மீட்டர் விரல பாத்து நிக்காது. பெல்ட்டும் புல்லியும் சேர்ற இடம், ரோலர் ரெண்டும் சேர்ற இடம், இந்த ரெண்டு வாயையும் மூடணும். புல்லி முழுசுக்கும் பிளைவுட்லயோ தகட்டுலயோ கூடு அடிங்க, திறந்த பெல்ட்டோட ஒரு நாள் கூட ஓட்ட வேண்டாம். ஹாப்பர் வாயில விரல் நுழையாத கம்பி வலை வைங்க, மால்ட் சிக்கினா கைய விடவும் கூடாது, குச்சிய விட்டு தள்ளவும் கூடாது, ஆஃப் பண்ணி பிளக்க பிடுங்கிட்டு தான் தொடணும். ஹாப்பர் 10 லிட்டர் கொள்ளளவுல செஞ்சுட்டா 5 கிலோ ஒரே தடவையில கொட்டிடலாம், சும்மா சும்மா பக்கத்துல போக வேண்டியதில்ல. சரிவு 45 டிகிரிக்கு கம்மியா வேண்டாம், கம்மியானா மூலையில தேங்கி நிக்கும், கைய விடச் சொல்லும்.

சுவிட்ச் சாதாரணமா ட்யூப் லைட்டுக்கு போடுறது வேண்டாம். கரன்ட் போய் திரும்ப வந்தா தானா கிளம்பாத, திரும்பவும் பட்டன அழுத்தினா தான் ஓடுற நோ வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் போடுங்க. கரன்ட் போன நேரத்துல தான் நாம ரோலர எட்டிப் பாப்போம். மோட்டார் உடம்புக்கும் இரும்பு ஃபிரேமுக்கும் எர்த் வயர் கண்டிப்பா, ஓவர்லோட் டிரிப்பும் இருந்தா மோட்டார் கருகாது. ஹாப்பர் வாயில ஒரு காந்தம் ஒட்டி வச்சா ஆணி, போல்ட் மாதிரி இரும்பு அதுல நின்னுடும்.

மோட்டார் திறந்த வகையா இருந்தா மால்ட் தூசி உள்ள போய் காயில்ல படியும், மோட்டார் கிளம்புறதுக்கான சுவிட்ச்ல வர்ற தீப்பொறியும் அதுக்குள்ளேயே இருக்கு. தானியத் தூசி காத்துல அடர்த்தியா பறந்தா தீப்பிடிக்கிற சாமான், பெரிய மில்லுகள்ல வெடிச்சே இருக்கு. வீட்டு அளவுல அந்த அடர்த்தி வராது தான், இருந்தாலும் முழுசா மூடின, வெளிய ஃபேன் வச்ச மோட்டாரா எடுங்க, காத்தோட்டம் உள்ள இடத்துல ஓட்டுங்க, மாஸ்க் போட்டுக்கோங்க.

சமையலறை வேண்டவே வேண்டாம், அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மால்ட் உமியில லாக்டோபேசிலஸ் நிறைய இருக்கும். மாஷ்ல இருந்து இறக்கின இனிப்புத் தண்ணி, அதாவது வோர்ட், கொதிக்கப் போகுதுன்னா அது செத்துடும், ஆனா தூசியா பறந்து ஆறின வோர்ட்லயோ பியர் நொதிக்கிற பாத்திரமான ஃபெர்மென்டர்லயோ விழுந்தா பியர் புளிச்சிடும். மொட்டை மாடியோ, கார் நிறுத்துற இடமோ, கதவு மூடி இருக்கிற வேற ரூமோ பாருங்க. முந்தின நாள் ராத்திரியே உடைச்சு மூடி வச்சிடுங்க, அதே நாள்ல தான் முடியும்னா ஓட்டி முடிச்சதும் சட்டைய மாத்தி, கை முகம் கழுவிட்டு, அதுக்கப்புறம் ஈஸ்ட் பாக்கெட்ட தொடுங்க.